பாட்டு நிற்கிறதா, இரைகிறதா? ஸ்விட்ச் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை வரை வீடுகளுக்கு சிசிடிவியும் நெட் வயரிங்கும் போட்டுக் கொடுப்பது என் வேலை. சில வருடங்களாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. ஸ்ட்ரீமர் (நெட்டிலிருந்து பாட்டை எடுத்து ஓட்டும் பெட்டி) வாங்கி ஆம்பிளிஃபயரில் மாட்டியவர்கள் கூப்பிடுகிறார்கள். "பாட்டு நடுவுல நிக்குது", "உர்ருன்னு சத்தம் வருது", "ஆப்புல பெட்டியையே காணோம்" என்று தொடங்கி, பாதிப் பேர் அதே மூச்சில் "விலை கூடின ஸ்விட்ச் மாத்தினா சரியாயிடும், பாட்டும் தெளிவா கேட்கும்ங்காங்களே, வாங்கட்டுமா?" என்று முடிக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் கேட்பார்கள், கேள்வி இதேதான்.

இங்கே ஸ்விட்ச் என்பது லேன் கேபிள்கள் வந்து சேரும் சின்னப் பெட்டி. எங்கள் பக்கம் பலர் இன்னும் 'ஹப்' என்றே சொல்கிறார்கள். இந்தப் பெட்டி கெட்டால் பாட்டு நிற்கும். இதன் வழியாக மின்சார இரைச்சல் ஆம்பிளிஃபயருக்குள் ஏறவும் செய்யும். ஆனால் ஒழுங்காக ஓடும் ஒரு ஸ்விட்சை எடுத்துவிட்டு விலை கூடிய இன்னொன்றைப் போட்டால் பாடகர் குரல் இனிமையாகாது. அந்தப் பணம் கேபிளுக்கும் எர்த்துக்கும் போக வேண்டிய பணம். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன்.

அறிகுறி: பாட்டு நடுவில் நின்று, கொஞ்சம் கழித்துத் தானாக ஓடுகிறது

கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பென் டிரைவில் நாலு பாட்டுப் போட்டு ஸ்ட்ரீமரின் யுஎஸ்பியில் சொருகுங்கள். தடங்கல் இல்லாமல் ஓடினால் ஸ்ட்ரீமர் நன்றாக இருக்கிறது. அடுத்து அதே பாட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்து, நெட்வொர்க் வழியாக ஸ்ட்ரீமரில் ஓட விடுங்கள். அதுவும் ஒழுங்காக ஓடி, இணையத்திலிருந்து வரும் பாட்டு மட்டும் நின்றால் உங்கள் ஸ்விட்சைத் தொட வேண்டாம். வெளி லைனைப் பாருங்கள். ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ மினுங்கினாலோ ஆபரேட்டர் ஆளைக் கூப்பிடுங்கள். அது நாம் கை வைக்கும் இடம் இல்லை.

வேகம் போதவில்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். சிடி தரத்தில் ஒரு பாட்டு, சுருக்காமல் அனுப்பினாலும், விநாடிக்கு 1.4 மெகாபிட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெருமையாகப் போடுகிறார்களே, அது 9.2 மெகாபிட். பழைய 100 மெகாபிட் ஸ்விட்சே இதற்குத் தாராளம்.

*வைஃபையில் இருக்கும்போது நிற்கிறது என்றால்:* ஸ்ட்ரீமரை ரூட்டர் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அங்கே நிற்கவில்லை என்றால் இடையில் இருக்கும் சுவர்தான் காரணம். மலைக்கு அந்தப் பக்கத்து வெட்டுகல் சுவர்கள் கனமானவை, இரண்டு சுவர் தாண்டினால் சிக்னல் மெலிந்துவிடும். பக்கத்து அறைதான் என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 2.4-ல்தான் இருக்க முடியும் என்றால் சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள், பிரச்சினை அத்தோடு தீரும்.

*கேபிளில் இருக்கும்போது நிற்கிறது என்றால்:* பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். சாரல் காலத்தில் இங்கே வீட்டுக்குள் பாய் கூட ஈரமாக இருக்கும். அந்த ஈரம் பிளக்கின் எட்டுத் தகடுகளையும் விடுவதில்லை. போன ஆடியில் புளியரையில் ஒரு வீட்டில் கழற்றிய பிளக்கில் மூன்றாவது தகடு பச்சை பூத்து இருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தது. லேசான படிவு என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போகும். பூத்துவிட்டது என்றால் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு கிரிம்ப் செய்ய (கருவியால் அழுத்திப் பொருத்த) வேண்டும், சில ரூபாய்தான். பிளக்கின் நாக்கு உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உடைந்த பிளக் விளக்குமாறு பட்டாலே அரை மில்லிமீட்டர் நகரும், பாட்டு நிற்கும்.

பிளக் சரி என்றால் ஸ்விட்சில் வேறு போர்ட்டில் சொருகுங்கள். அதுவும் சரி என்றால் கடையில் வாங்கிய இரண்டு மீட்டர் ரெடிமேட் கேபிளைத் தற்காலிகமாகத் தரை மேலேயே போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். எனக்கு வந்த கேஸ்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில் முடிந்துவிடும்.

சுவருக்குள் போன கேபிள் மேல் சந்தேகம் என்றால் போர்ட் விளக்கைக் கவனியுங்கள். பல ஸ்விட்சுகளில் ஜிகாபிட்டுக்கு ஒரு நிறமும் 100 மெகாபிட்டுக்கு வேறு நிறமும் இருக்கும், எது எது என்று பெட்டி மேலேயே அச்சடித்திருக்கும். இரு முனையிலும் ஜிகாபிட் கருவி இருந்தும் 100-க்குரிய நிறம் எரிந்தால், நாலு ஜோடிக் கம்பிகளில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். பாட்டுக்கு 100 போதும் என்றாலும், ஒரு ஜோடி போன கேபிளில் அடுத்த ஜோடி எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

ஒரு தவறை அடிக்கடி பார்க்கிறேன், இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கிரிம்ப் செய்தவர் நிறங்களை ஜோடி ஜோடியாக அடுக்கியிருப்பார்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம் என்று. பார்க்க அழகாக இருக்கும். இரண்டு முனையிலும் அதே வரிசை என்பதால், மினுக்கு விளக்கு டெஸ்டரில் 1 முதல் 8 வரை ஒழுங்காக எரியும். ஆனால் 3, 6 ஆம் கம்பிகள் ஒன்றாக முறுக்கிய ஜோடியாக இருக்க வேண்டும். இந்த வரிசையில் அவை வெவ்வேறு ஜோடிக்குப் போய்விடுகின்றன. குட்டைக் கேபிளில் சமாளித்துவிடும். இருபது, முப்பது மீட்டர் போனால் தகவல் உடைந்து உடைந்து வரும். சரியான வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். டெஸ்டரை நம்பாமல் பிளக்கின் கண்ணாடி வழியாக நிறத்தைப் பாருங்கள். அப்படியே வெட்டிய துண்டுக் கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், ஈரத்தில் சீக்கிரம் போகும்.

அடுத்தது அடாப்டர். பாட்டு நிற்கும் நேரத்தில் ஸ்விட்சின் எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்தால் ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆகிறது. அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் காய்ந்திருக்கும். அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர், அதே பின் துருவம் உள்ள வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது மட்டும் நிற்கிறது என்றால் ரூட்டருக்கும் ஸ்விட்சுக்கும் சின்ன டிசி யுபிஎஸ் போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் நின்றால் ஸ்விட்சை மாற்றுங்கள். ஆயிரம் ரூபாய் சுற்றளவில் கிடைக்கும் சாதாரண 5 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் போதும். அதை ஆம்பிளிஃபயர் மேல் வைக்காதீர்கள், கீழிருந்து வரும் சூட்டில் வாடிவிடும். மாற்றியபின் லேப்டாப்பைக் கேபிளில் மாட்டி ரூட்டர் எண்ணுக்குப் பத்து நிமிடம் பிங் (சின்னத் தகவலை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓட விடுங்கள். ஒன்றுகூடத் தவறக் கூடாது. தவறினால் சுவருக்குள் போன கேபிள்தான் பாக்கி. பைப்புக்குள்ளிருந்து அதை உருவிப் புதிது இழுப்பது பழக்கமான ஆள் செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி: ஸ்பீக்கரில் உர்ர் என்ற இரைச்சல்

காதை ஸ்பீக்கரில் வைக்கும் முன் ஆம்பிளிஃபயர் பெட்டி மேல் வையுங்கள். இரைச்சல் பெட்டியிலிருந்தே வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மர். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது இப்படித்தான் இரையும். இதற்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமில்லை.

ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது என்றால், ஒன்றும் மாட்டாத வேறு இன்புட்டுக்கு ஆம்பிளிஃபயரை மாற்றுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு ஆம்பிளிஃபயரில், சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள். நின்றால் ஸ்ட்ரீமருக்கே திரும்பி வந்து, ஸ்ட்ரீமரின் லேன் கேபிளை உருவுங்கள். இரைச்சல் அந்த நொடியே நின்றால் அது லேன் வழியாக வருகிறது. நிற்கவில்லை என்றால் டிவியின் கேபிள் கனெக்‌ஷன் அல்லது டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள், அடிக்கடி அதுதான்.

ஆரியங்காவு தாண்டி ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டு அண்ணாச்சிக்கு நாகஸ்வரம் என்றால் உயிர். இரைச்சல் தாங்காமல், என் ஒரு மாத வருமானத்துக்கு மேல் விலையுள்ள ஒரு ஸ்விட்சை வாங்கிப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஸ்விட்ச்ல ஒண்ணும் இல்லன்னு நீ சொன்னியே, புதுசு போட்டதும் இரைச்சல் சுத்தமா போயிட்டு, வந்து கேளு."

போய்க் கேட்டேன். உண்மைதான், துளி இரைச்சல் இல்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தபோது ஒரு கேபிள் தரையில் கிடந்தது. மினுமினுவென்று உலோகத் தலை உள்ள ஷீல்டு கேபிள் (கம்பிகளைச் சுற்றி உலோக உறை உள்ளது), மறுமுனை வாசல் கேமராவின் டிவிஆரில், அதாவது கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டியில். "பாட்டு ஸ்விட்ச்ல கேமரா வயர் எதுக்குன்னு அத மாட்டல" என்றார். அதை எடுத்துப் புது ஸ்விட்சில் சொருகினேன். உர்ர். உருவினேன், அமைதி. பழைய ஸ்விட்சை மறுபடி வைத்து, அந்த ஒரு கேபிளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் மாட்டினேன். அப்போதும் அமைதி. டிவிஆர் ஒரு பக்கம் எர்த்தைத் தொடுகிறது, ஆம்பிளிஃபயர் மூன்று பின் பிளக்கில் இன்னொரு பக்கம் எர்த்தைத் தொடுகிறது, நடுவில் கேபிளின் உலோகத் தலைகளும் ஸ்விட்சின் இரும்புப் பெட்டியும் இரண்டையும் இணைத்துவிட்டன. பையில் இருந்த பிளாஸ்டிக் தலை உள்ள சாதாரணக் கேபிளை டிவிஆருக்குப் போட்டேன். கேமராவும் ஓடியது, இரைச்சலும் இல்லை. அண்ணாச்சி நாலைந்து முறை தானே கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, விலை கூடிய ஸ்விட்சைப் பெட்டியில் போட்டு மூடினார்.

அதனால் லேன் வழி இரைச்சலுக்கு வரிசை இதுதான்: முதலில் ஷீல்டு கேபிள்களை எடுத்துவிட்டுச் சாதாரணக் கேபிள். அப்புறம் ஸ்விட்சின் அடாப்டரை வேறு அடாப்டரால் மாற்றிப் பார்ப்பது. அப்புறம் ஆம்பிளிஃபயர், ஸ்ட்ரீமர், ஸ்விட்ச் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுவது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இரைச்சல் நிற்கிறது என்பதற்காக ஆம்பிளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை உடைக்காதீர்கள். உள்ளே ஒரு வயர் விட்டுப்போய்ப் பெட்டியில் பட்டால், அதைத் தொடுகிறவரின் உயிரைக் காப்பது அந்த மூன்றாவது பின்தான். பிளக் பாயின்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினாலோ, பெட்டியைத் தொட்டால் விரல் சுரசுரத்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: டிக், டிக் என்றோ சடசடவென்றோ சத்தம்

எப்போது வருகிறது என்பதே பாதி விடை. ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது, மோட்டார் போடும்போது என்றால் மின்லைன் வழியாக வருகிறது, வேறு சர்க்யூட்டில் உள்ள பிளக்குக்கு மாற்றுங்கள். ஃபேன் ரெகுலேட்டரைக் கூட்டிக் குறைத்தும் பாருங்கள். 'டிட்டி-டிட்-டிட்' என்று தாளம் போட்டால், பக்கத்தில் கிடக்கும் பழைய போனை எடுத்துத் தள்ளி வையுங்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும்போது மட்டும் ஒரு 'டிக்' என்றால், டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்பிளிஃபயருக்கான சிக்னலாக மாற்றும் கருவி) வேறு சாம்பிள் ரேட்டுக்கு மாறும் சத்தம், கோளாறே இல்லை. ஒரே பாட்டில் ஒரே இடத்தில் என்றால் ஃபைல் கெட்டிருக்கிறது. இவை எதுவும் இல்லாமல் எல்லாப் பாட்டிலும் வந்தால் ஸ்ட்ரீமருக்கும் டாக்குக்கும் நடுவே உள்ள யுஎஸ்பி அல்லது கோஆக்ஸியல் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: ஆப்பில் ஸ்ட்ரீமர் தெரியவில்லை

போனும் ஸ்ட்ரீமரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா? ஆபரேட்டர் தந்த பெட்டியிலும் வைஃபை வரும், நீங்கள் வாங்கிய ரூட்டரிலும் வைஃபை வரும். போன் ஒன்றிலும் ஸ்ட்ரீமர் இன்னொன்றிலும் இருந்தால் ஒன்றை ஒன்று பார்க்காது. கெஸ்ட் வைஃபையும் அப்படியே. விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். ஐபோனில் அந்த ஆப்புக்கு 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள்.

முதலில் தெரிந்து, நாலைந்து நிமிடம் கழித்து மறைந்துபோகிறது என்றால் வேறு கதை. இது விலை கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ளே செட்டிங்ஸ் மாற்றக்கூடியது) வைத்த வீடுகளில்தான் எனக்கு வருகிறது. அதில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்று ஒரு வசதி உண்டு, பலருக்கும் பொதுவாகப் போகும் தகவலைக் கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புவது அதன் வேலை. 'யார் கேட்கிறீர்கள்?' என்று அவ்வப்போது விசாரிக்கும் வேலையை நெட்வொர்க்கில் ஏதாவது ஒரு கருவி செய்ய வேண்டும். யாரும் விசாரிக்காவிட்டால் ஸ்விட்ச் சில நிமிடங்களில் ஸ்ட்ரீமரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். அந்த வசதியை அணைத்துப் பாருங்கள், அல்லது அதே மெனுவில் 'குவெரியர்' (ஸ்விட்சே விசாரிக்கும் வசதி) இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். சாதாரண ஸ்விட்சில் பெரும்பாலும் இந்தத் தொல்லையே இல்லை.

வீட்டு நெட் முழுவதும் திடீரென்று ஸ்தம்பித்து, ஸ்விட்சின் எல்லா விளக்கும் வெறி பிடித்ததுபோல் மினுங்கினால், ஒரே கேபிளின் இரண்டு முனையையும் யாரோ ஒரே ஸ்விட்சில் சொருகியிருப்பார்கள். வீடு பெருக்கிய அன்று கழன்ற கேபிளைக் காலி ஓட்டையில் சொருகுவது நடப்பதுதான். அதை உருவினால் போதும்.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் பாட்டு மந்தமாகக் கேட்கிறது

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்ட்ரீமரின் லேன் கேபிளை உருவுங்கள். முன்கூட்டி வாங்கி வைத்த பகுதி தொடர்ந்து ஓடும். சில ஸ்ட்ரீமரில் சில விநாடி, சிலவற்றில் முழுப் பாட்டு. இப்போது ஸ்விட்ச் உங்கள் பாட்டைத் தொடவே இல்லை. குரல் மாறியதா? மாறவில்லை என்றால் எந்த ஸ்விட்ச் வாங்கினாலும் மாறப்போவதில்லை. வழியில் ஒரு துண்டு தவறினாலும் ஸ்ட்ரீமர் அதை மறுபடி கேட்டு வாங்கிவிடும். வாங்க முடியாமல் போனால் பாட்டு நிற்கும், மந்தமாகாது. இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால், எந்த ஸ்விட்ச் மாட்டியிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லாமல் வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றி மாட்டச் சொல்லி, பத்து முறை எழுதிவையுங்கள்.

மந்தத்துக்கு நான் பார்த்த காரணங்கள் வேறு. ஆப்பில் வைஃபைக்கு ஒரு தரம், மொபைல் டேட்டாவுக்கு ஒரு தரம் என்று தனித்தனி செட்டிங் இருக்கும், ஏதோ ஒன்று 'லோ'வில் கிடக்கும். நேராக ஸ்ட்ரீமருக்கு அனுப்புகிறோம் என்று நினைத்துக்கொண்டு புளூடூத்தில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும். அப்படி இருந்தால் தவில் அடி நெஞ்சில் விழாது, குரல் நடுவில் நிற்காமல் அலையும். ஆம்பிளிஃபயர் பக்கத்திலிருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். சிவப்புக்கு பிளஸ் பட்டால் இரண்டு ஸ்பீக்கரின் கூம்பும் வெளிப்பக்கம் தள்ள வேண்டும். அதுவும் சரி என்றால் டைல்ஸ் தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்து, ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வைத்துக் கேளுங்கள்.

அறிகுறி: இடி மழைக்குப் பிறகு வேலை செய்யவில்லை

ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் மலை மேல் இடி இறங்கினால் அடுத்த நாள் காலை எனக்கு ஓய்வே இருக்காது. பிளக்கைப் பிடுங்கி வைத்தேனே என்பார்கள். கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கியிருப்பார்கள், லேன் கேபிள் அப்படியே இருக்கும். வாசல் கேமராவுக்கும் எதிர்க் கடைக்கும் போகும் நீளமான கேபிள் வழியாக உள்ளே வந்துவிடும்.

நன்றாக ஓடும் என்று தெரிந்த ஒரு கேபிள், ஒரு லேப்டாப், இந்த இரண்டையும் வைத்து ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டாகச் சோதியுங்கள். விளக்கு எரிந்தால் மட்டும் போதாது, பிங் தவறாமல் போக வேண்டும். இடி பட்ட போர்ட் அரை உயிரோடு இருக்கும், பத்தில் இரண்டு தவறும். ஒரு போர்ட் போன ஸ்விட்சை நான் வைத்துக்கொள்ளச் சொல்வதில்லை. மீதி போர்ட்டுகளும் அதே அடியை வாங்கியவை. ஸ்ட்ரீமரின் லேன் போர்ட்டே செத்திருந்தால் வைஃபையில் ஓட்டிக்கொண்டு, பெட்டியை சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். உள்ளே மாற்ற வேண்டிய சிப் வீட்டில் வைத்துப் பற்ற வைக்கும் வேலை இல்லை.

வருடா வருடம் இடி அடிக்கும் வீடு என்றால், ரூட்டர் பக்கத்துக்கும் பாட்டு அறைக்கும் நடுவே ஃபைபர் போடுங்கள். இரண்டு மீடியா கன்வெர்ட்டர் (லேன் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மறுபடி லேன் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி), உலோகக் கம்பி இல்லாத ஒரு ஃபைபர் கேபிள். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. நெட்வொர்க்கில் காசு போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் நான் இதில் போடுவேன். ஆபரேட்டரின் கேபிள் வெளியிலிருந்து வரும்போது அதைத் தாங்க ஓர் இரும்புக் கம்பி கூடவே வரும். அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டிக் கட்டிவிடச் சொல்லுங்கள்.

ஸ்விட்சோடு டிவி, ஃபிரிட்ஜ் என்று வேறு பொருளும் சேர்ந்து போயிருந்தால் இது நெட்வொர்க் ஆள் பார்க்கும் வேலை இல்லை. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லி, அளவை எழுதி வாங்குங்கள். மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் வைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள், எர்த் சரியில்லாமல் அதை வைத்தால் பயனில்லை. அவர் வந்து பார்க்கும்வரை லேன் கேபிளைக் கழற்றியே வையுங்கள், பாட்டைப் பென் டிரைவில் கேட்கலாம். வானம் இருட்டினால் கரண்ட் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.